புதைத்து வைத்த ஓடாவிப் பெட்டி: இனங்காண்பதும் வேலை வாங்குவதும்

ஓடாவியாக, அதாவது தச்சராக, இருந்த என் மாமனாரின் சாமான் பெட்டி முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் எங்கள் வளவின் வேப்பமரத்தடியில் இரண்டரை அடி ஆழத்தில் கிடந்தது. போரில் இடம்பெயர்வதற்கு முதல்நாள் அவரே புதைத்தது. மீளக்குடியேறிய பிறகு எடுத்துப் பார்த்தோம். எண்ணெய்த் துணியிலும் தறப்பாளிலும் சுற்றியவை அப்படியே இருந்தன. சுற்றாதவை துருப்பிடித்து ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. எது எதற்கு என்று சொல்ல மாமா உயிரோடு இல்லை. நானும் கணவரும் மூன்று வருடம் தட்டுத்தடுமாறினோம். அதற்குள் நல்ல உளி ஒன்றைச் சாணையில் கருக்கினோம். நான்கு சாமான்களைப் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுத்தோம். அந்த நான்கும் என்னவென்று இப்போது தெரிகிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

உங்கள் வீட்டுப் பரணிலோ மண்ணுக்கடியிலோ இப்படி ஒன்று இருந்தால் கீழே சொல்லும் ஒழுங்கிலேயே செய்யுங்கள். ஒழுங்கை மாற்றியதுதான் எங்கள் பிழை.

1. தோண்டுவதற்கு முன்

பெட்டி எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தாலும், அந்த நிலம் கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ முதலில் கேளுங்கள். கேட்பதற்குப் பணம் இல்லை, அரைநாள் அலைச்சல்தான். கையளித்த நிலத்திலும் அலவாங்கால் குத்தாதீர்கள். மண்வெட்டியால் மேல்மண்ணைச் சீவிச் சீவி எடுங்கள். துரு ஏறிய இரும்பு எல்லாம் ஒரே நிறம். சுத்தியல் தலையும் வேறொன்றும் மண்ணுக்குள் ஒன்றுபோலவே தெரியும். அடையாளம் தெரியாத இரும்பு தட்டுப்பட்டால் தொடாமல் விலகி, இடத்தைக் குறித்துவிட்டு, 119 இல் பொலிஸாருக்குச் சொல்லுங்கள்.

உலோகம் கண்டறியும் கருவியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வளவில் இறங்காதீர்கள். வன்னியில் இரவல் கருவியோடு தோண்டுகிறவரைப் புதையல் தேடுகிறவர் என்றுதான் பார்ப்பார்கள், பிறகு விளக்கம் சொல்வதிலேயே நாள் போய்விடும். பகலில், அயலவர் ஒருவர் பார்க்க, கிராம அலுவலருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தோண்டுவது நல்லது.

இன்னொன்று. நம் பக்கத்துப் பெரியவர்கள் தச்சுச் சாமானை 'ஆயுதம்' என்பார்கள். என் கணவர் பஸ்ஸில் இருந்துகொண்டு தொலைபேசியில் தம்பியிடம், "ஐயா புதைத்த ஆயுதப் பெட்டியை எடுத்துவிட்டோம்" என்று உரக்கச் சொன்னார். முன் இருக்கைக்காரர்கள் எல்லாரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் 'சாமான்' என்றே சொல்லுங்கள்.

2. கழுவாதீர்கள், பாருங்கள்

பெட்டி வந்த அன்றே நான் செய்த வேலை, கம்பித் தூரிகை பூட்டிய மின்கருவியால் எல்லாவற்றையும் பளபளப்பாக்கியது. சீவுளி (மரம் இழைக்கும் சாமான்) அலகு ஒன்றில் இருந்த முத்திரை அதில் அழிந்துபோனது. பிறகு நெடுங்கேணிப் பக்கத்தில் ஒரு முதிய ஓடாவியாரிடம் அதைக் கொண்டுபோனேன். கண் மங்கியவர். அலகைப் பெருவிரலால் ஒருமுறை தடவிவிட்டு, "பிள்ளை, இதை யார் கழுவியது?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

அவர் எனக்குச் சொல்லித்தந்த கணக்கு இது: கை பட்ட இடம் வழுவழுப்பாகும், மரம் பட்ட இடம் தேயும், அடி பட்ட இடம் விரியும். ஒரு சாமானைக் கையில் எடுத்ததும் இந்த மூன்று இடங்களையும் தேடுங்கள். உளியின் பிடி உச்சியில் நார் பிரிந்து காளான்போல விரிந்திருந்தால் அது கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) அடித்து வேலை செய்த உளி. பொருத்துக்குழி வெட்டவும் துளை போடவும் உரியது. உச்சி வழுவழுப்பாக இருந்தால் உள்ளங்கையால் தள்ளிச் சீவும் மெல்லிய உளி. அதை அடித்தால் முறியும். நாங்கள் முறித்திருக்கிறோம்.

அடுத்து வாயை, அதாவது வெட்டும் நுனியை, பாருங்கள். சரிவு ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ஒரு தட்டையான முகத்தைப் பிடித்துக்கொண்டு போகும் சாமான். இரு பக்கமும் சரிந்திருந்தால் பிளக்கவோ வெட்டவோ செய்தது.

ஒரு கொப்பியை இதற்கென்றே வையுங்கள். சாமானுக்கு ஒரு பக்கம். நீளம், வாயின் அகலம், சரிவு எந்தப் பக்கம், எழுத்து இருந்தால் எழுத்து. அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து மூன்று கோணத்தில் படம் எடுங்கள். அடிமட்டம் இல்லாத படத்தைக் காட்டி யாரிடம் கேட்டாலும் பயனில்லை. எங்களிடம் இருந்த முப்பத்தொரு சாமானுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

3. எழுத்தும் இலக்கமும் எங்கே இருக்கும்

மரச்சீவுளியில் முன்முகத்தில் இருக்கும். உளியில் கழுத்துக்குக் கீழே. சீவுளி அலகில் மேற்பாதியில், அலகை இறுக்கும் ஆப்புக்குள் மறைந்து கிடக்கும். கைவாளில் தகட்டின் பக்கத்திலும், பிடியிலுள்ள பித்தளை வில்லையிலும். துரு மூடியிருந்தால் சுரண்டாதீர்கள். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள், எழுத்து எழும்பி வரும். செலவு ஒரு தாள்.

'ஷெஃபீல்ட்' என்று இருந்தால் இங்கிலாந்தின் உருக்கு நகரம். அந்தக் காலத்தில் இலங்கைக்கு வந்த நல்ல உளிகளில் பல அங்கிருந்தே வந்தன. 'காஸ்ட் ஸ்டீல்' என்ற முத்திரையைப் பார்த்து, அடித்தால் உடையும் வார்ப்பிரும்பு என்று நினைத்துவிடாதீர்கள். அது மூசையில் (உலோகம் உருக்கும் சிறு கலத்தில்) உருக்கி எடுத்த தரமான உருக்கு. நாங்கள் நிறுத்துக் கொடுத்த நான்கில் இரண்டில் இந்த முத்திரைதான் இருந்தது. மூன்று கோடு கூடி அம்புநுனிபோல ஒரு குறி தெரிந்தால் அது பிரித்தானிய அரசின் உடைமைக் குறி. எந்தத் திணைக்களத்திலிருந்து எப்படி உங்கள் தாத்தாவின் பெட்டிக்கு வந்தது என்று இப்போது ஆராய வேண்டாம்.

துறப்பண (மரத்தில் துளை போடும் சாமான்) அலகுகளில் தனி இலக்கம் ஒன்று இருக்கும், பிடிக்குள் போகும் சதுரக் காம்பில். 6, 8, 10 என்று. இது மில்லிமீற்றர் அன்று. அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குக் கணக்கு. 8 என்றால் பதினாறில் எட்டு, அரை அங்குலம். நம் ஓடாவிமார் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள் அல்லவா? ஆகவே அலகின் இலக்கத்தைப் பாதியாக்கினால் நூல்கணக்கு வந்துவிடும்: 8 என்பது நான்கு நூல், 10 என்பது ஐந்து நூல். இது தெரியாமல் பத்து மில்லிமீற்றர் ஆணிக்கென்று 10 ஆம் இலக்க அலகால் கதவு நிலையில் துளைத்தேன். ஏறக்குறைய பதினாறு மில்லிமீற்றர் ஓட்டை. அதுவும் கடின முதிரை மரத்தில் செய்த நிலை. இன்றும் அதில் ஒரு மரமுளை அடித்திருக்கிறது, வருகிற எல்லாரும் கேட்கிறார்கள்.

4. யாரிடம், எப்படிக் கேட்பது

முழுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு மூன்று சாமான், வெற்றிலை பாக்கு, காலை நேரம். விதைப்பும் அறுவடையும் நடக்கும் நாட்களைத் தவிருங்கள். பெரிய ஓடாவிமார் பலருக்கு வயலும் உண்டு.

"இதன் பெயர் என்ன?" என்று தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே சாமானுக்கு முல்லைத்தீவில் ஒரு பெயர், மன்னாரில் ஒரு பெயர், சில பட்டறைகளில் ஆங்கிலப் பெயரின் சிதைவு. "இதை எப்படிப் பிடிப்பது?" என்று கேளுங்கள். கையில் கொடுத்துவிட்டு, கையைப் பாருங்கள். பெயர் மறந்தவரின் கைகூடச் சரியாகப் போய் அமரும். அவரிடம் கேட்டு, அனுமதியோடு அவர் பிடிக்கும் விதத்தைப் படம் எடுங்கள். கொப்பியில் நான் எழுதியவற்றைவிட அந்தப் படங்கள்தான் பயன்பட்டன.

5. பலரையும் குழப்பும் சில சாமான்கள்

பிடி வைத்த சிறு இரும்புச் சக்கரம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய தட்டு, ஒரு காம்பில் சுழலும். என் மகன் இதை முற்றத்தில் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். மாட்டுவண்டிச் சக்கரம் செய்பவரின் அளவுகோல் இது. தட்டின் விளிம்பில் சுண்ணக்கட்டியால் ஒரு குறி போட்டு, வட்டைகள் (விளிம்பின் வளைந்த மரத்துண்டுகள்) பூட்டிய மரச்சக்கரத்தின் வெளிவிளிம்பில் ஒரு முழுச்சுற்று உருட்டுவார்கள். தட்டு எத்தனை முறை சுற்றியது, மிச்சம் எவ்வளவு என்று எண்ணுவார்கள். பிறகு இரும்புப் பட்டையின் உட்புறத்தில் அதையே உருட்டுவார்கள். பட்டை மரத்தைவிடக் கொஞ்சம் குறுகியிருக்க வேண்டும். கம்மாலையில் காய்ச்சினால் விரியும், சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி, வட்டையையும் ஆரக்காலையும் நடுவிலுள்ள குடத்தோடு இறுக்கிப் பிடிக்கும். மாமா வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகும் வண்டிகளுக்குச் சக்கரம் பார்த்தவர் என்பதே இந்தத் தட்டைக் கொண்டுதான் எங்களுக்கு உறுதியானது. நீர் இறைக்கும் குழாயின் சுற்றளவு முதல் வளைந்த வேலி ஓரம் வரை இன்றும் இதால் அளக்கலாம்.

இரண்டு தண்டும் ஒரு துணைக்கட்டையும் உள்ள சீவுளி. பார்த்தால் இரண்டு சீவுளியை ஒட்டவைத்ததுபோல இருக்கும். பலகையின் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் நீளத் தவாளிப்பு எடுப்பதற்கானது. கண்ணாடியோ பலகையோ செருகும் கதவுச் சட்டத்துக்கு வேண்டும். துணைக்கட்டை ஓரத்தை அணைத்துக்கொண்டு போகும். பல அகலத்தில் அலகுகள் கூட வந்திருக்கும், வழக்கமாக எட்டு. பெட்டியின் அடியில் தனித்தனியாகக் கிடக்கும் ஒடுங்கிய அலகுகளை 'உடைந்த உளி' என்று எறிந்துவிடாதீர்கள். தொடங்கும்போது பலகையின் முன்நுனியில் சிறு துண்டாகத் தொடங்கி, ஒவ்வொரு தள்ளலுக்கும் கொஞ்சம் பின்னால் வாருங்கள். பின்னிருந்து ஒரே வீச்சில் தள்ளினால் மரத்தின் ஓட்டத்தோடு அலகு விலகிப்போகும்.

அடி வளைந்த ஒல்லிச் சீவுளிகள். ஒன்று குழிந்திருக்கும், இணையானது குவிந்திருக்கும். இரண்டும் ஒரே இலக்கம். யன்னல் விளிம்பிலும் அலுமாரி முகப்பிலும் வளைவுகள் இழைப்பவை. அடி வளைந்துவிட்டது, 'நேராக்கலாம்' என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். அந்த வளைவுதான் சாமான்.

வாளின் பல் சாய்க்கும் குறடு. குறடுபோலவே இருக்கும், வாய்க்குள் ஒரு சின்ன முளை வந்து இடிக்கும், எதிரே இலக்கமிட்ட வில்லை. வாளின் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமும் சாய்க்க இது. வில்லையின் இலக்கம் ஓர் அங்குலத்தில் உள்ள பற்களைக் குறிக்கும். பல்லின் மேற்பாதியை மட்டும் சாய்க்க வேண்டும். அடிவரை வளைத்தால் பல் ஒடியும்.

இரு பக்கமும் பிடி வைத்த கத்தி. தன்பக்கம் இழுத்துச் சீவுவது. மண்வெட்டிப் பிடி, கோடாலிப் பிடி செய்ய இதைவிட விரைவானது எதுவும் இல்லை. மரத்தை இறுக்கிப் பிடிக்க ஒன்று இல்லாமல் முழங்காலில் வைத்து இழுக்காதீர்கள்.

வாய்ச்சி (மண்வெட்டிபோல வாய் குறுக்காக இருக்கும் வெட்டுச் சாமான்) பற்றிச் சுருக்கமாக: தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். அது கால்விரலை நோக்கி வரும் சாமான்.

சத்தகமும் கொக்கத்தடியின் அலகும் ஓடாவிப் பெட்டிக்குள் கலந்து கிடக்கும். அவை பனையோலைக்கும் குழைக்கும் உரியவை. தனியே எடுத்து வையுங்கள்.

6. துரு எடுப்பது

மாரிக்கு முன் முடியுங்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் காலையில் துடைத்த இரும்பில் மாலையே செந்தூள் படியும். நாங்கள் சித்திரை முதல் ஆவணி வரை செய்தோம்.

மேல்துருவுக்கு மண்ணெண்ணெயும் மெல்லிய அரத்தாளும் போதும். கட்டித் துருவுக்கு, மரப்பிடியைக் கழற்றிவிட்டு, இரும்பை மட்டும் வினாகிரியில் மூழ்கவைத்து ஒரு நாள் விடுங்கள். ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மூன்று நாள் மறந்துபோனால் நல்ல இரும்பையும் அரித்துவிடும். எடுத்ததும் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் பூசுங்கள். இந்த ஒன்றை நாளைக்கு என்று தள்ளினால் முழு வேலையும் வீண்.

மரச்சீவுளியைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். ஆப்பு இறுகியிருந்தால் அலகைப் பிடித்து இழுக்காமல், சீவுளியின் பின்முகத்தில் கொட்டாப்புளியால் தட்டுங்கள், ஆப்பு தானாகத் தளரும். வார்ப்பிரும்பு உடல் கொண்ட சீவுளியை மட்டும் அடிக்கவோ கீழே போடவோ கூடாது. உடைந்தால் சாதாரண ஒட்டுவேலைப் பட்டறையில் சரிவராது. பழைய பூச்சு இருந்தால் காய்ந்த நிலையில் உரசாதீர்கள், அந்தக் காலப் பூச்சில் ஈயம் இருந்திருக்கலாம்.

பிடி புதிதாகப் போடுவதைக் கடும் வெயில் காலத்தில் வையுங்கள். மாரியில் இறுக்கிய பிடி ஆடிக்குள் சுருங்கி ஆடத் தொடங்கும்.

எனக்கு ஆன செலவு: வினாகிரி, அப்பச்சோடா, அரத்தாள், மண்ணெண்ணெய், இருபக்கச் சாணைக்கல் எல்லாம் சேர்த்து ஆறாயிரம் ரூபாவைத் தாண்டவில்லை. கல்தான் அதில் பாதியைத் தின்றது. அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

7. கூர்

மின்சாணையில் வைத்ததும் நுனி நீலமாக மாறினால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது. அதன் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. என் உளி போனது அப்படித்தான். கையால் கல்லில் தீட்டுங்கள். ஓர் அலகுக்கு ஒரு மணிநேரம் ஆகும், ஆகட்டும்.

பழைய சீவுளி அலகைப் பக்கவாட்டில் பார்த்தால் மெல்லிய கோடு ஒன்று தெரியும். மென்னிரும்பின் மேல் கடின உருக்குத் துண்டைக் கம்மாலையில் ஒட்டிய கோடு அது. உருக்கு இருக்கும் நீளம்வரைதான் அந்த அலகுக்கு ஆயுள். சரிவுப் பக்கத்தை 25 பாகை அளவில் எடுத்து, நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டுவது பொது வழக்கம். பாலை, முதிரை போன்ற காட்டு மரத்துக்கு இன்னும் கொஞ்சம் மொட்டையான கோணம் நல்லது; மெல்லிய வாய் சிதறிவிடும்.

துறப்பண அலகை உட்புறத்தில் மட்டும் சின்ன அரத்தால் தொடுங்கள். வெளிப்புறத்தைத் தேய்த்தால் அலகின் வாய் சிறுத்து, துளை தண்டைவிடக் குறுகி, தண்டு இறுகும். நுனியிலுள்ள திருகு முறிந்திருந்தால் அந்த அலகு மரத்துக்குள் தானாக இறங்காது. அதை வாங்கவும் வேண்டாம், சரிசெய்ய மினக்கெடவும் வேண்டாம்.

8. முதல் மரமும் அதற்கான கடதாசியும்

முதிரையில் பழகத் தொடங்காதீர்கள். காய்ந்த வேம்பு அல்லது பழைய கதவுப் பலகையில் தொடங்குங்கள், ஆணி ஒன்றும் இல்லை என்று காந்தத்தால் தடவிப் பார்த்த பிறகு. முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் உண்டாக்கும். முகத்தை மூடிக்கொள்ளுங்கள்.

மரத்தை வீதியில் ஏற்றிக்கொண்டு போவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். சொந்த வளவில் நின்ற மரம் என்று வாயால் சொன்னால் போதாது. கிராம அலுவலரில் தொடங்கிப் பிரதேச செயலகத்துக்கும், மரத்தின் வகையைப் பொறுத்து வனவளத் திணைக்களத்துக்கும் போக நேரும். காணி உறுதி அல்லது காணி அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளை முதல்நாளே கொண்டுபோங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்; நான் ஒன்றோடு போய் இரண்டு முறை திரும்பி வந்தேன். பத்திரத்தில் எழுதிய நாளும் வாகனமும் பாதையும் மாறக்கூடாது. மர ஆலையில் வாங்கினால் பற்றுச்சீட்டு இல்லாமல் ஏற்றாதீர்கள்.

9. வாங்குவதும் விற்பதும்

பழைய இரும்புக் கடையில் சாமானுக்கு நிறைதான் விலை. அதனால் வாங்குகிறவருக்கு நல்ல இடம், விற்கிறவருக்கு மோசமான இடம். வாங்கும்போது விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி எழுதிய ஒரு துண்டை வாங்கி வையுங்கள். களவுபோன சாமான் ஒன்று பிற்பாடு உங்கள் வீட்டில் நின்றால் அந்தத் துண்டு ஒன்றுதான் உங்கள் பக்கம் பேசும். அலகும் ஆப்பும் இல்லாத மரச்சீவுளிக்கு முழு விலை கொடுக்காதீர்கள், பொருந்தும் அலகு தேடுவது சீவுளி தேடுவதைவிடக் கடினம்.

10. வெளிநாட்டுக்குக் கொடுத்தனுப்புவதானால்

கனடாவில் இருக்கும் மைத்துனி தகப்பனின் சீவுளி ஒன்று கேட்டாள். இப்படிக் கேட்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அவற்றை அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஷெஃபீல்ட் முத்திரை போட்ட ஓடாவிச் சாமான்களில் அநேகம் அதற்குப் பிந்தியவை. ஆனால் குளக்கட்டிலோ பழைய கோயில் இடிபாட்டிலோ கிடைத்த இரும்பு என்றால் கதை வேறு, அதை எடுக்கவே கூடாது. சந்தேகம் இருந்தால் தொல்பொருள் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுப் பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். பயணத் திகதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கேளுங்கள்.

விமானத்தில் கைப்பொதிக்குள் வைத்தால் சோதனையில் பறித்துவிடுவார்கள். பெரிய பொதிக்குள் போடுங்கள். அலகைக் கழற்றி, வாயைத் தடித்த அட்டையில் செருகி, நூலால் கட்டி, சீவுளியிலிருந்து தனியாகச் சுற்றுங்கள். ஆப்பை மறக்காதீர்கள். மைத்துனிக்கு அனுப்பியதில் ஆப்பு எங்கள் விறாந்தையிலேயே கிடந்தது, ஒரு வருடம் கழித்து இன்னொருவர் கையில்தான் போய்ச் சேர்ந்தது.